இல்லாத கால் வலிக்கும்போது: எதை முதலில் செய்வது, எதை அப்புறம் செய்வது

கால் எடுத்த பிறகு அந்த இல்லாத காலிலேயே வலி வந்தால், பெரும்பாலானவர்கள் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். ஒன்று, யாரிடமும் சொல்லாமல் பல்லைக் கடித்துக்கொள்கிறார்கள். இல்லையென்றால், எங்கோ கேள்விப்பட்ட கண்ணாடிப் பயிற்சியையோ (நல்ல காலின் பிம்பத்தைக் கண்ணாடியில் பார்த்தபடி இல்லாத காலை அசைக்க முயல்வது) மாத்திரையையோ நேரடியாகத் தொடங்கி, ஒரு வாரத்தில் "இது எனக்குச் சரிப்படவில்லை" என்று விட்டுவிடுகிறார்கள். அந்த முறைகளில் பெரிய குறை இல்லை. வரிசை தப்பிப்போவதால்தான் பலருக்குப் பலன் கிடைப்பதில்லை. மறுவாழ்வுப் பயிற்சிக்கு வருபவர்களிடம் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது இதைத்தான்.

இந்த வழிகாட்டியை முழங்காலுக்குக் கீழே ஒரு கால் எடுக்கப்பட்டவர்களை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன். நம்மூரில் சர்க்கரைப் புண்ணாலும் சாலை விபத்தாலும் கால் இழந்தவர்களே அதிகம். கை இழந்தவர்களும் இதே வரிசையில் போகலாம், பயிற்சியின் அசைவுகள் மட்டும் மாறும். மருத்துவர் சொன்னதை மாற்றுவதற்காக இதை எழுதவில்லை. அவரிடம் என்ன கேட்பது, வீட்டில் என்ன செய்வது என்று தெரிந்துகொள்ளப் பயன்படுத்துங்கள்.

1. எந்த வலி என்று முதலில் பிரித்துப் பாருங்கள்

கால் எடுத்த பிறகு வருவது ஒரே வலி அல்ல. மூன்று விதமான உணர்வுகள் கலந்து வரும், மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு.

முதலாவது, மாய உணர்வு. கால் இன்னும் இருப்பது போலத் தோன்றும், விரல் அரிக்கும், பாதத்தில் செருப்பு மாட்டியிருப்பது போலிருக்கும். வலி இருக்காது. கிட்டத்தட்ட எல்லோருக்கும் இது வரும், வைத்தியம் தேவையில்லை.

இரண்டாவது, மாய வலி. இல்லாத பாதத்திலோ விரலிலோ எரிச்சல், குத்தல், கரண்ட் அடிப்பது போன்ற சுளீர், தசை பிடித்துக்கொண்டது போன்ற இறுக்கம். பெரும்பாலும் அறுவை சிகிச்சை முடிந்த சில நாட்களுக்குள் தொடங்கும். சிலருக்கு மாதங்கள் கழித்தும் வரும்.

மூன்றாவது, ஸ்டம்ப் வலி, அதாவது மிச்சமிருக்கும் காலிலேயே உள்ள வலி. சீழ், எலும்பு முனை குத்துவது, ரத்த ஓட்டக் குறைவு, சரியாகப் பொருந்தாத சாக்கெட் (செயற்கைக் காலில் ஸ்டம்ப் நுழையும் கிண்ணம்), வெட்டுண்ட நரம்பு நுனியில் உருவாகும் நரம்புக் கட்டி என்று இதற்குக் கண்ணால் பார்க்கவும் கையால் தொடவும் கூடிய காரணம் இருக்கும்.

பிரித்துப் பார்க்க எளிய வழி: "எங்கே வலிக்கிறது, விரல் வைத்துக் காட்டுங்கள்" என்று கேளுங்கள். கை ஸ்டம்பில் படிந்தால் ஸ்டம்ப் வலி. கை வெற்றிடத்தைக் காட்டினால் மாய வலி. ஸ்டம்பில் ஒரே ஒரு புள்ளியை விரல் நுனியால் தட்டும்போது இல்லாத விரலில் சுளீரென்று பாய்ந்தால், அங்கே நரம்புக் கட்டி இருக்கலாம். அந்த இடத்தைப் பேனாவால் குறித்து மருத்துவரிடம் காட்டுங்கள்.

ஸ்டம்ப் வலி தீராமல் இருக்கும்வரை மாய வலியும் எளிதில் தணியாது. இருக்கும் காலிலிருந்து ஓயாமல் போகும் வலிச் செய்தி, இல்லாத காலின் வலியையும் கிளப்பிவிடுகிறது. அதனால்தான் கண்ணாடியை ஆறாவது படியில் வைத்திருக்கிறேன்.

ஸ்டம்ப் சிவந்து சூடாக இருந்தாலோ, சீழ் வந்தாலோ, தோல் கறுத்தாலோ, காய்ச்சல் அடித்தாலோ, தொடை திடீரென வீங்கினாலோ இந்த வழிகாட்டியை மூடிவிட்டு அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள்.

2. இரவில் விழாமல் இருக்க வழி செய்யுங்கள்

வலிக்கு வைத்தியம் தொடங்குமுன் இதைச் செய்தாக வேண்டும். இல்லாத கால் அவ்வளவு நிஜமாகத் தோன்றும் என்பதால், நள்ளிரவில் சிறுநீர் கழிக்க எழுந்து, தூக்கக் கலக்கத்தில் அந்தக் காலை ஊன்றி விழுபவர்கள் பலர். தையல் போட்ட ஸ்டம்ப் நேராகத் தரையில் அடிபட்டால் காயம் பிளந்து, மறுபடி அறுவை சிகிச்சை வரை போய்விடும்.

கட்டிலை எடுக்கப்பட்ட கால் சுவர் பக்கம் வருமாறு போடுங்கள். அப்போது நல்ல காலின் பக்கமாகத்தான் இறங்க முடியும். இறங்கும் இடத்தில் வாக்கரை குறுக்கே வையுங்கள், கை தானாக அதைப் பிடிக்கும். சின்ன இரவு விளக்கு எரியட்டும். முதல் சில வாரங்களுக்குச் சிறுநீர்க் குவளையைப் பக்கத்தில் வைத்துக்கொள்வதில் கூச்சப்பட ஒன்றும் இல்லை.

3. வலி ஏன் வருகிறது என்பதை வீட்டில் எல்லோரும் தெரிந்துகொள்ளுங்கள்

"கால்தான் இல்லையே, அப்புறம் எப்படிப்பா வலிக்கும்?" என்று வீட்டில் ஒருவர் கேட்டுவிட்டால் போதும், நோயாளி அதற்குப் பிறகு வாயைத் திறக்கமாட்டார். எனவே இதைச் சுருக்கமாகவாவது எல்லோரும் படியுங்கள்.

காலை வெட்டினாலும் மூளையில் அந்தக் காலுக்கான இடம் அப்படியே இருக்கிறது. வெட்டுண்ட நரம்பு நுனிகள் தாறுமாறாகச் செய்தி அனுப்புகின்றன, முதுகுத்தண்டு அதைப் பெரிதாக்குகிறது. மூளை காலை அசைக்கச் சொல்கிறது, அசைந்துவிட்டது என்ற பதில் வருவதில்லை. இதெல்லாம் சேர்ந்துதான் வலி. இதில் மனப்பிரமை எதுவும் இல்லை, நடிப்பும் இல்லை. கால் எடுப்பதற்கு முன் நீண்ட நாள் கடும் வலியில் இருந்தவர்களுக்கு இது அதிகமாக வருகிறது. பழைய புண் இருந்த அதே இடத்தில் வலிப்பதாகச் சிலர் சொல்வார்கள், அதையும் நம்புங்கள்.

4. தொடங்கும் முன் சேர்த்து வைக்க வேண்டியவை

ஒரு நோட்டு வாங்குங்கள். தினமும் மூன்று விஷயம் எழுதுங்கள்: வலி பத்துக்கு எவ்வளவு, எத்தனை நேரம் இருந்தது, அதற்குச் சற்றுமுன் என்ன நடந்தது. குளிர், தூக்கமின்மை, மனக்கவலை, ஸ்டம்பின் வீக்கம், மலஜலம் கழிப்பது ஆகியவை வலியைத் தூண்டலாம். கழிவறைக்குப் போகும்போது வலி சுளீரென்று வருவது பலருக்கு உண்டு, வெட்கப்பட்டு எழுதாமல் விடாதீர்கள். இந்த நோட்டு இல்லாமல் எந்த மருந்து கேட்டது, எது கேட்கவில்லை என்று பிற்பாடு யாராலும் சொல்ல முடியாது.

கண்ணாடிக் கடையில் நாலடி நீளம், ஒன்றரை அடி அகலத்தில் ஒரு கண்ணாடி வெட்டி, ஓரங்களைத் தேய்த்து, பின்பக்கம் பிளைவுட் அடித்து வாங்குங்கள். எடை குறைவாக வேண்டுமென்றால் அக்ரிலிக் கண்ணாடித் தகடு போதும், ஆனால் அது வளையாமல் இருக்க வேண்டும். வளைந்தால் பிம்பம் கோணலாகும். சின்ன முகக்கண்ணாடி உதவாது. முழங்காலிலிருந்து விரல் நுனி வரை ஒரே பார்வையில் தெரிய வேண்டும்.

இவை தவிர, 4 அங்குல க்ரேப் பேண்டேஜ் இரண்டு, பஞ்சு, பழைய வேட்டித் துணி, ஒரு பூத்துவாலை.

5. ஸ்டம்பைத் தயார் செய்யுங்கள்

முதலில் வீக்கத்தைக் குறைக்க வேண்டும். க்ரேப் பேண்டேஜை எட்டு என்ற எண்ணின் வடிவத்தில் குறுக்கும் மறுக்குமாகச் சுற்றுங்கள். நுனியில் இறுக்கம் அதிகம், மேலே போகப் போகக் குறைவு. புதியவர்கள் வளையல் போட்டது போல நேராகச் சுற்றுவார்கள். அது காலை நடுவில் கட்டிப்போட்டு, நுனியை உருண்டையாக வீங்க வைத்துவிடும். நாலைந்து மணி நேரத்துக்கு ஒருமுறை அவிழ்த்துத் தோலைப் பார்த்துவிட்டு மறுபடி கட்டுங்கள். ரத்த ஓட்டம் குறைவு என்று சொல்லப்பட்டவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இறுக்கிக் கட்டக் கூடாது.

அடுத்தது தொடுதலுக்குப் பழக்குவது. காயம் முழுவதும் ஆறிய பிறகுதான். முதலில் உள்ளங்கையால் மெதுவாகத் தடவுங்கள். அது பழகியதும் பஞ்சு, அப்புறம் வேட்டித் துணி, கடைசியில் பூத்துவாலை. ஒவ்வொன்றும் இரண்டு மூன்று நிமிடம், ஒரு நாளைக்குச் சில முறை. பூத்துவாலை தாங்க முடிகிறது என்ற நிலை வந்ததும் விரல் நுனிகளால் லேசாகத் தட்டுங்கள். தழும்பின் மேல் இரண்டு விரலை வைத்து, தோலை மேலும் கீழும் நகர்த்துங்கள். தழும்பு எலும்போடு ஒட்டிக்கொண்டால் ஒவ்வொரு அடிக்கும் இழுத்து வலிக்கும். இப்படிச் சாதாரணத் தொடுதல் தொடர்ந்து போய்க்கொண்டிருந்தால், சேலை பட்டாலே துடிக்கிற அதீத உணர்வு மட்டுப்படும்.

வெந்நீர் ஒத்தடம், சூடான எண்ணெய் இரண்டும் வேண்டாம். அன்போடு பாட்டியோ மனைவியோ செய்ய வருவார்கள், அப்போதும் தடுத்துவிடுங்கள். சர்க்கரை நோயாளிக்கு மரத்துப்போன தோலில் சூடு தெரியாது. கொப்புளம் வந்த பிறகுதான் கவனிப்பார்கள், அதற்குள் புதுப் புண் தொடங்கியிருக்கும்.

முழங்காலுக்கு அடியில் தலையணை வைப்பதும் தவறு. அப்போதைக்குச் சுகமாக இருக்கும், நாளடைவில் முழங்கால் மடங்கியபடியே இறுகிவிடும். அதன் பிறகு செயற்கைக் கால் பொருத்துவது பெரும்பாடு.

6. கண்ணாடிப் பயிற்சி

இதை மூன்று கட்டமாகச் செய்வது நல்லது. லேசான வலி உள்ளவர்கள் நேராக மூன்றாவது கட்டத்துக்குப் போகலாம். அசைவை நினைத்தாலே வலிக்கிறது என்பவர்கள் முதல் கட்டத்தைத் தாண்டிக் குதிக்கக் கூடாது.

*முதல் கட்டம், இடதா வலதா.* வீட்டில் உள்ளவர்களின் இடது, வலது பாதங்களை வெவ்வேறு கோணங்களில் முப்பது படம் எடுங்கள். செல்ஃபி கேமராவில் எடுக்காதீர்கள், சில போன்களில் அது இடதை வலதாக மாற்றிவிடும். படங்களைக் கலைத்துப்போட்டு, பார்த்தவுடன் இடது, வலது என்று சொல்ல வேண்டும். பத்துக்கு எட்டு சரியாக, ஒரு படத்துக்கு இரண்டு மூன்று நொடியில் சொல்ல வந்ததும் அடுத்த கட்டம். காலை அசைக்காமலே மூளையில் காலுக்கான இடத்தை வேலை வாங்குவதுதான் இதன் நோக்கம்.

*இரண்டாவது கட்டம், மனதில் அசைப்பது.* அதே படங்களைப் பார்த்து, இல்லாத பாதத்தை அந்த நிலைக்குக் கொண்டுபோவதாக மெல்ல நினையுங்கள். இங்கே கவனம் தேவை. 2007இல் அமெரிக்க ராணுவத்தில் கால் இழந்தவர்களிடம் நடந்த ஒரு சிறிய ஆய்வில், கண்ணாடி பார்த்துப் பயிற்சி செய்த 6 பேருக்கும் வலி குறைந்தது. கண்ணை மூடிக் கற்பனை மட்டும் செய்த 6 பேரில் 4 பேருக்கு வலி கூடிவிட்டது. ஆகவே ஓரிரு நிமிடம் போதும். வலி ஏறினால் உடனே படங்களுக்குத் திரும்புங்கள்.

*மூன்றாவது கட்டம், கண்ணாடி.* நல்ல காலில் உள்ள கொலுசு, மெட்டி, கயிறு எல்லாவற்றையும் கழற்றுங்கள். மாயக் காலில் அவை இருப்பதாகத் தோன்றாவிட்டால், பிம்பத்தை மூளை "இது என் கால்" என்று ஏற்காது. கட்டிலில் முதுகு சாய்த்து, கால் நீட்டி உட்காருங்கள். இரண்டு கால்களுக்கும் நடுவில் கண்ணாடியை நீளவாக்கில் நிறுத்துங்கள். முகப்பக்கம் நல்ல காலைப் பார்த்திருக்க, ஸ்டம்ப் முழுவதும் பின்னால் மறைந்திருக்க வேண்டும். கண்ணாடியை இன்னொருவர் பிடித்துக்கொள்ளட்டும், நீங்களே பிடித்தால் கவனம் சிதறும். தலையைச் சற்று நல்ல கால் பக்கம் சாய்த்தால், இல்லாத கால் இருக்க வேண்டிய இடத்திலேயே பிம்பம் தெரியும்.

முதல் சில நாள் வெறுமனே பாருங்கள், அசைக்க வேண்டாம். "என் கால்தான்" என்ற உணர்வு வருகிறதா என்று மட்டும் கவனியுங்கள். வந்த பிறகு பாதத்தை மெதுவாக மேலே, கீழே, அப்புறம் உள்பக்கம், வெளிப்பக்கம் அசையுங்கள். விரல்களை விரித்து மடக்குங்கள். ஒவ்வொரு அசைவையும் இரண்டு காலாலும் சேர்த்தே செய்ய வேண்டும், மாயக் காலையும் அசைக்க முயல வேண்டும். பலர் நல்ல காலை மட்டும் மடமடவென்று ஆட்டிவிட்டு முடித்துவிடுகிறார்கள். அதில் ஒரு பயனும் இல்லை.

பாதம் ஏதோ ஒரு கோணத்தில் பிடித்து நிற்கிறது என்பவர்களுக்கு ஒரு வழி உண்டு. கட்டைவிரல் பக்கத்து விரல்மேல் ஏறிக்கொண்டு இறங்கவே மாட்டேன் என்கிறது என்று ஓர் அண்ணன் சொன்னார். நல்ல காலின் கட்டைவிரலையும் கையால் அதே மாதிரி ஏற்றிவைக்கச் சொன்னேன். கண்ணாடியில் இரண்டும் ஒரே மாதிரி தெரிந்ததும், மூச்சை விட்டபடி மிக மெதுவாக விரலை இறக்கினார். "லேசா விடுதுங்க" என்றார். முதலில் மாயக் காலின் நிலைக்கு நல்ல கால் போக வேண்டும், அப்புறம் இரண்டும் சேர்ந்து வெளியே வர வேண்டும். நேராக விரித்த பாதத்தைக் காட்டி "நீயும் இப்படி இரு" என்றால் பிடித்த கால் கேட்காது.

ஒரு நாளைக்கு 15 நிமிடம், குறைந்தது நான்கு வாரம். ஒரே மூச்சில் முடியாவிட்டால் ஐந்தைந்து நிமிடமாகப் பிரித்துக்கொள்ளலாம். டிவி ஓடும் கூடத்தில் வேண்டாம். பேச்சும் சத்தமும் இல்லாத அறை வேண்டும்.

முதல் நாள் கண்ணாடியில் இரண்டு காலையும் பார்த்ததும் அழுகை வரலாம். மேலே சொன்ன ஆய்விலும் இரண்டு பேருக்கு அப்படி நடந்தது. கண்ணாடியை எடுத்துவிட்டு, அழ விடுங்கள். மறுநாள் அவரே கேட்டால் தொடரலாம். தலைசுற்றலோ குமட்டலோ வந்தாலும் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள்.

சர்க்கரை நோயாளிகள் ஒவ்வொரு முறையும் கண்ணாடியை நிறுத்துமுன் நல்ல காலின் உள்ளங்காலையும் விரலிடுக்குகளையும் பார்த்துவிடுங்கள். இரண்டு காலும் இழந்தவர்களுக்குக் கண்ணாடி பொருந்தாது. அவர்கள் எதிரே உட்கார்ந்த இன்னொருவரின் கால் அசைவைப் பார்த்தபடி தங்கள் மாயக் காலை அசைத்துப் பார்க்கலாம்.

7. மாத்திரை

டைக்ளோஃபெனாக் போன்ற சாதாரண வலி மாத்திரை நரம்பு வலியை அவ்வளவாகத் தொடாது. சர்க்கரை நோயாளியின் சிறுநீரகத்தைத்தான் கெடுக்கும். கடையில் கேட்டு வாங்கிச் சாப்பிடாதீர்கள். பி12 குறைபாடு இல்லாதவருக்கு நரம்புச் சத்து ஊசியும் மாய வலியைத் தீர்க்காது.

மருத்துவர் வழக்கமாக எழுதுபவை காபாபென்டின், பிரிகாபலின், அமிட்ரிப்டிலின், டுலாக்சிடின். எல்லோருக்கும் கேட்கும் என்று சொல்லும் அளவுக்கு இவற்றில் எதற்கும் உறுதியான சான்று இல்லை. அதனால் ஒரு மருந்து, குறைந்த அளவு, சில வாரம், நோட்டில் பதிவு என்ற முறையில் போவதுதான் சரி.

மருத்துவரிடம் மறக்காமல் சொல்ல வேண்டியவை: கிரியேட்டினின் அளவு (சிறுநீரகம் பலவீனமென்றால் காபாபென்டின், பிரிகாபலின் அளவைக் குறைக்க வேண்டும்), இதயத் துடிப்புக் கோளாறு, கண் அழுத்த நோய், புராஸ்டேட் வீக்கம் (இந்த மூன்றில் ஏதாவது ஒன்று இருந்தாலும் அமிட்ரிப்டிலின் ஒத்துவராமல் போகலாம்). பிரிகாபலினால் கால் வீங்குவதுண்டு. ஸ்டம்ப் வீங்கினால் சாக்கெட் இறுக்கும், நோயாளி செயற்கைக் காலைக் குறை சொல்லிக்கொண்டிருப்பார். இந்த மருந்துகளால் தூக்கமும் தள்ளாட்டமும் வரும் என்பதால் இரண்டாவது படியில் சொன்ன ஏற்பாடுகள் இங்கே இரட்டிப்பாகத் தேவை. வலி குறைந்துவிட்டது என்று மருந்தைச் சட்டென நிறுத்தாதீர்கள், படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

8. செயற்கைக் காலும் டென்ஸ் கருவியும்

செயற்கைக் காலைத் தொடர்ந்து பயன்படுத்துபவர்களில் பலருக்கு மாய வலி குறைகிறது. ஸ்டம்பில் அழுத்தமும் அசைவும் சீராகக் கிடைப்பதால், மூளைக்கு மறுபடி பயனுள்ள செய்தி போகிறது. ஆனால் பொருத்தம் முக்கியம். முதல் ஆண்டில் ஸ்டம்ப் சுருங்கிக்கொண்டே போகும். சாக்கெட் தளர்ந்ததும் ஸ்டம்பின் மேல் போடும் சாக்ஸில் இன்னொன்றைக் கூட்டுங்கள், அதற்கும் மேல் தளர்ந்தால் சாக்கெட்டை மாற்றக் கேளுங்கள்.

தோலின் மேல் ஒட்டி லேசான மின்சாரம் செலுத்தி வலியைத் தணிக்கும் டென்ஸ் கருவியைப் பிசியோதெரபிஸ்ட் ஒருமுறை வைத்துக் காட்டிய பிறகு வீட்டில் பயன்படுத்தலாம். ஸ்டம்பில் வைக்க முடியாதவர்களுக்கு நல்ல காலில் அதே இடத்தில் வைத்தும் சிலருக்குத் தணிகிறது. பேஸ்மேக்கர் உள்ளவர்களுக்கு வேண்டவே வேண்டாம். புண்ணின் மேலும் மரத்த தோலின் மேலும் வைக்கக் கூடாது.

9. எங்கே போவது

தமிழ்நாட்டில் சென்னை கே.கே. நகரில் உள்ள அரசு புனர்வாழ்வு மருத்துவ நிலையமும், வேலூர் சிஎம்சியின் மறுவாழ்வு மருத்துவத் துறையும் இதற்கென்றே உள்ளவை. செயற்கைக் காலுக்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே பிசியோதெரபிஸ்ட் வருவார், உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் பதியுங்கள். வலியால் வாழ்க்கையே வெறுத்துவிட்டது என்று ஒருவர் சொன்னால் அதைப் புலம்பல் என்று தள்ளாதீர்கள். அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலிமானஸ் எண் 14416, எந்த நேரமும் பேசலாம்.

10. இத்தனைக்கும் பிறகும் வலி விடவில்லை என்றால்

"இன்னும் கொஞ்சம் மேலே வெட்டிவிடுங்கள்" என்று கெஞ்சுபவர்கள் இருக்கிறார்கள். அதனால் மாய வலி போகாது, காலின் நீளம்தான் போகும். நரம்புக் கட்டியை வெறுமனே வெட்டி எடுத்தாலும் பலருக்கு மறுபடி வளர்கிறது. வெட்டுண்ட நரம்பை அருகிலுள்ள தசைக்குப் போகும் சிறு நரம்போடு இணைக்கும் அறுவை சிகிச்சை இப்போது சில பெரிய மருத்துவமனைகளில் செய்யப்படுகிறது. நரம்புக்குப் போய்ச் சேர ஓர் இடம் கிடைப்பதால் கட்டி உருவாவது குறைகிறது. இதைப் பற்றி பிளாஸ்டிக் சர்ஜனிடம் கேளுங்கள். கால் இன்னும் எடுக்கப்படவில்லை, தேதி குறித்திருக்கிறார்கள் என்றால் இப்போதே கேளுங்கள், அதே அறுவை சிகிச்சையோடு சேர்த்துச் செய்ய முடியும். அறுவை சிகிச்சைக்கு முன்பே வலியைக் கட்டுக்குள் வைக்கச் சொல்லி மயக்க மருத்துவரிடமும் பேசிவிடுங்கள்.

வருடக்கணக்கில் அடங்கியிருந்த மாய வலி திடீரென்று திரும்பி வந்தால், கண்ணாடியைத் தேடாமல் முதல் படிக்குப் போங்கள். ஸ்டம்பில் புதுப் புண்ணோ, தளர்ந்த சாக்கெட்டோ, வளர்ந்துவிட்ட நரம்புக் கட்டியோ, குறைந்துபோன ரத்த ஓட்டமோ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். முதுகிலிருந்து இறங்கும் நரம்பு அழுந்தினாலும், அந்த வலி எடுக்கப்பட்ட காலிலேயே தெரியலாம். ஆகவே முதுகையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள்.